கடல் கடந்து வந்த கொடி

வரலாறு என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன கோட்டைகளும் குளங்களும் கோநகரங்களுமே. திருகோணமலை மாவட்டத்தவராகிய எமக்கு இவ்வியல்பு சற்று மிகுதி எனலாம். கந்தளாய்க் குளத்தைக் கட்டிய மன்னர்கள் யாவர் என்று வாதிடுகின்றோம். 1624இல் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை அமைத்ததையும், 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியதையும், 1795இல் ஆங்கிலேயர் அதனைத் தமதாக்கியதையும் மாணவர்க்குப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கின்றோம். கோட்டையின் மீது பறந்த கொடிகள் இவ்வாறு பலமுறை மாறின. ஆயின், அதே காலமெல்லாம் எளிய மக்களின் வேலிகளிலே வேறொரு கொடி படர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கொடி மாறவில்லை. அது அவரைக்கொடி.

அவரைக்கு வரலாறு உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. கல்வெட்டிலும் செப்பேட்டிலும் எழுதப்படாத வரலாறு அது. கரிந்த விதையிலும், பழந்தமிழ்ச் செய்யுளிலும், பன்மொழிப் பெயர்களிலும், அடுப்பங்கரைப் பரணில் தொங்கிய விதைக்குடுவையிலும் அது தங்கியிருக்கின்றது. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இன்று நோக்குவோம்.

நாம் அவரையை நமது மண்ணிலேயே பிறந்த பயிர் என்று கருதுகின்றோம். அவ்வாறு கருதுவதற்கு நியாயமும் உண்டு. தமிழின் மிகப் பழைய நூல்கள் அதனை அறிந்திருக்கின்றன. கன்னடர் அதனை அவரெ என்பர். மலையாளத்தார் அமர என்பர். அயல்மொழியிலிருந்து அண்மையிற் கடன்பெற்ற சொல்லாயின் இவ்வாறு இனமொழிகள் பலவற்றில் வேரூன்றி நில்லாது. ஆகவே தென்னாட்டு மக்களோடு அவரைக்கு நெடுங்காலத் தொடர்பு உண்டென்பது தெளிவு. எனினும், தாவர நூலார் அதன் பிறப்பிடமாகக் காட்டுவது தென்னிந்தியாவை அன்று; இலங்கையையும் அன்று. வெப்பமண்டல ஆபிரிக்காவையே அவர்கள் காட்டுகின்றனர்.

இம்முடிவுக்கு அவர்கள் வந்த வழி யாது? ஒரு பயிரின் தாயகத்தை அறியவேண்டுமாயின், அதன் காட்டு மூதாதையைத் தேடவேண்டும். கிழக்காபிரிக்காவிலும் தென்னாபிரிக்காவிலும் காட்டோரங்களிலும் புதர்களிலும் ஏறிப் படரும் காட்டவரை உண்டு. அதன் காய் சிறிது, விதையும் சிறிது, முற்றியதும் காய் தானாகவே வெடித்து விதைகளைச் சிதறிவிடும். காட்டுக் கொடிக்கு இது நன்மை. ஆனால், அறுவடை செய்ய வரும் மனிதனுக்கு இது நட்டம். எனவே பண்டைய உழவர், வெடியாது கொடியிலேயே நின்ற காய்களைப் பறித்து, அவற்றுள்ளும் பருத்த விதைகளைத் தெரிந்து, மறுபருவத்திற்கு விதைத்தனர். தலைமுறை தலைமுறையாக இவ்வாறு தெரிந்தெடுத்ததன் பயனே இன்று நமது சந்தையிற் கிடைக்கும் பருத்த அவரை.

2023ஆம் ஆண்டு, ஆபிரிக்க அறிஞர்கள் முன்னின்ற ஆய்வுக் குழுவொன்று அவரையின் மரபணுத் தொகுதியை முழுமையாக ஆராய்ந்து வெளியிட்டது. அவரை ஒருமுறையன்று, இருமுறை தனித்தனியே மனிதனால் பயிராக்கப்பட்டது என்பது அவ்வாய்வின் முடிவுகளுள் ஒன்று. காயொன்றில் இரண்டு விதை கொண்ட இனம் எதியோப்பியாவோடு நின்றுவிட்டது. நான்கு விதை கொண்ட இனமே கடல் கடந்து ஆசியாவெங்கும் பரவியது. நமது கறிச்சட்டியிலே வேகும் அவரை அந்த இரண்டாவது குடும்பத்தைச் சேர்ந்தது.

அது எப்போது கடல் கடந்தது? இவ்வினாவிற்கு விடைதருவன தென்னிந்தியாவின் புதிய கற்காலக் குடியிருப்புகள். கருநாடகத்தில் துங்கபத்திரை ஆற்றின் கரையிலுள்ள ஹள்ளூரிலும், பல்லாரிக்கு அண்மையிலுள்ள சங்கனகல்லிலும் அகழ்ந்தெடுத்த மண்ணை அறிஞர்கள் நீரிலே கரைத்தார்கள். மண் கீழே படிய, கரிந்த விதைகள் மேலே மிதந்தன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஏதோவொரு வீட்டின் அடுப்பிலே தவறிவிழுந்து கரிந்துபோன விதைகள் அவை. கொள்ளும் பாசிப்பயறும் சிறுதானியங்களும் ஆகிய உள்நாட்டுப் பயிர்களின் நடுவே அவரை விதையும் இருந்தது. அவற்றின் காலம் கிறித்துவுக்கு முற்பட்ட இரண்டாவது ஆயிரத்தாண்டின் நடுப்பகுதி என்று கணித்துள்ளனர். அஃதாவது, இன்றைக்கு ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அவரை தென்னிந்திய உழவனின் வீட்டுக்கு வந்துவிட்டது.

நேயர்களே, அந்தக் கொடி தனியாக வரவில்லை என்பதையும் நோக்குதல் வேண்டும். நாம் கூழாகவும் பிட்டாகவும் உண்ணும் குரக்கனின் தாயகம் ஆபிரிக்கா. சோளமும் கம்பும் ஆபிரிக்காவிலே தோன்றியவை. நாம் கௌபி என்று அழைக்கும் தட்டைப்பயற்றின் மிகப் பழைய எச்சங்கள் மேற்காபிரிக்காவிலுள்ள கானா நாட்டிலே, கிந்தாம்போ என்னும் பண்பாட்டுக்குரிய இடங்களிலே கிடைத்துள்ளன. நமது கறிகளிலே இடம்பெறும் நீண்ட பயற்றங்காயும் அந்தத் தட்டைப்பயற்றின் வழித்தோன்றலே; ஆசியாவுக்கு வந்தபின் இங்குள்ள உழவர் அதன் காயை நீள வளர்த்தெடுத்தனர். இவை யாவும் ஒரே நாளில், ஒரே மரக்கலத்தில் வந்தவையல்ல. பல நூற்றாண்டுகளிலே, அராபியக் கரையோரமாகவும் பருவக்காற்றின் துணையோடும், கைக்குக் கை மாறி வந்தவை. கொண்டுவந்தவர் பெயர் எங்கும் இல்லை. அவர்கள் பேரரசர்களின் படைத்தலைவர்கள் அல்லர். மீன்பிடிப்போரும் சிறு வணிகரும் கரையோர உழவருமாகவே அவர்கள் இருந்திருத்தல் வேண்டும்.

பெற்றுக்கொண்டது மட்டுமா? கொடுத்ததும் உண்டு. ஆசியாவிலே தோன்றிய வாழை அதே கடலைக் கடந்து ஆபிரிக்காவுக்குச் சென்றது. இன்று கிழக்காபிரிக்காவில் மக்கள் பலருக்கு வாழைக்காயே அன்றாட உணவு. நாம் அவரைப் பந்தலின் கீழ் நிற்கின்றோம். அவர்கள் வாழைத்தோட்டத்தின் நிழலில் நிற்கின்றார்கள். இரண்டும் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த பண்டைய உறவின் சான்றுகளே.

இனிச் சங்க இலக்கியத்துக்கு வருவோம். குறுந்தொகையின் 82ஆம் செய்யுளிலே, பிரிந்து சென்ற தலைவன் குறித்த பருவத்தில் வாராமையால் தலைவி வருந்துகின்றாள். அப்பருவம் யாது என்பதை உணர்த்தும் அடையாளம் அவரைப் பூ. மலைச்சாரலிலே குறவன் தினையை அரிந்தபின், எஞ்சி நின்ற தாளிலே கொழுத்த அவரைக்கொடி படர்ந்து பூக்கும் பனிக்காலம் அது. காதற்செய்யுள் என்று மட்டும் படித்துவிட்டு இதனைக் கடந்து போகின்றோம். இதற்குள் ஓர் உழவுமுறையே அடங்கியிருக்கின்றது.

முதலாவதாக, தினையின் தாளே அவரைக்குப் பந்தலாயிற்று. தனியே கொம்பு நடவேண்டிய வேலை இல்லை. இரண்டாவதாக, தினை மண்ணின் உரத்தை உறிஞ்சிக் கொள்கின்றது. அவரையோ தன் வேர்முடிச்சுகளிலே வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள நைதரசனை உரமாக மாற்றி மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கின்றது. தானியத்தின் பின் பயறு என்னும் இம்முறையை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே குறவர் அறிந்திருந்தனர். மூன்றாவதாக, பனிக்காலத்தில் அவரை பூக்கும் என்பது வெறும் கற்பனையன்று. பழைய அவரை இனங்கள் பகற்பொழுது குறுகும்போது மட்டுமே அரும்பு கட்டும் இயல்பின. மார்கழியும் தையும் நெருங்கப் பகல் குறுகும், அவரை பூக்கும். நாட்காட்டி இல்லாத மக்களுக்கு அந்தக் கொடியே நாட்காட்டியாக விளங்கியது. அதனாலன்றோ தலைவி அதனைக் காலத்தின் சான்றாகக் காட்டினாள்!

புறநானூற்றிலும் அவரை உண்டு. பாரியை இழந்த துயரத்திலே கபிலர் பாடிய 120ஆம் செய்யுளில், அவன் நாட்டின் செம்மண் மேட்டுநிலம் கண்முன் விரிகின்றது. வரகும் தினையும் எள்ளும் விளைகின்றன; அவற்றோடு அவரைக்காயும் பறிக்கும் பருவத்தை எய்துகின்றது. அத்தகைய வளநாடு அழிந்துபோயிற்றே என்பதுதான் புலவரின் ஏக்கம். ஒரு நாடு அழிந்ததை உரைக்க வந்த புலவர், அரண்மனையின் வீழ்ச்சியைச் சொல்லாது புனத்திலே விளைந்த பயிர்களை எண்ணிக் காட்டினார் என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் நன்று.

புனம் என்று சங்கப் புலவர் பாடியது, ஏறக்குறைய நமது சேனைப் பயிர்ச்செய்கையே ஆகும். காட்டை வெட்டி, எரித்து, மழையை நம்பி விதைத்து, சில பருவங்களின்பின் அந்நிலத்தை ஓயவிடும் முறை அது. கிண்ணியாவைச் சூழ்ந்த மேட்டுநிலங்களிலும் இம்முறையை முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஐப்பசி மழையோடு விதைப்பு. குரக்கனும் சோளமும் பயறும் ஒரே நிலத்திலே கலந்து நிற்கும். அவ்வாறு நின்ற பயிர்களுட் பலவும் ஆபிரிக்க விருந்தினர் என்பதை இப்போது நாம் அறிகின்றோம்.

இதற்கு எழுத்துச் சான்றும் நமது வாசலிலேயே உண்டு. மகாவலி கங்கை கடலோடு கலக்கும் கொட்டியாரக் குடாவுக்கு, புயலிலே பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பலொன்று செப்பனிடுவதற்காக வந்தது. அதன் பெயர் ஆன். 1660ஆம் ஆண்டில் அதன் தலைவரும், அவர் மகன் றொபேட் நொக்சும், உடன்வந்தோர் சிலரும் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைப்பட்டனர். தந்தை சிறையிலேயே இறந்தார். மகன் 1679இலே தப்பிச் சென்று, 1681இலே இலண்டனில் தமது நூலை வெளியிட்டார். அந்நூலில் இந்நாட்டு மக்களின் தானியங்களை விரித்துரைக்கும் இடத்திலே, நெல்லை அடுத்துக் குரக்கனைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றார். நெல் விளையாத இடத்திலும் நெல் தீர்ந்த காலத்திலும் எளியோரைக் காத்தது அதுவே. அவர்கள் பிடிபட்டது மூதூரிலே ஒரு புளியமரத்தடியில் என்பது வழங்கிவரும் செய்தி. 1893இலே அவ்விடத்தில் நினைவுக்கல் ஒன்றும் நாட்டப்பட்டது. அந்தப் புளியமரத்தின் இனமும் ஆபிரிக்காவிலிருந்து வந்ததே. தம்மை அந்நியர் என்று சிறைப்பிடித்த நாட்டிலே, வேறோர் அந்நியம் நிழல் தந்து நின்றதை நொக்சு அறிந்திருக்கமாட்டார், பிடித்தவர்களும் அறிந்திருக்கமாட்டார்கள். வந்த பயிர் அவ்வளவு இயல்பாக ஊரோடு ஒன்றிவிட்டது!

அவரையின் பெயர் பயணம் செய்த வழியும் சுவையானது. அரபு மொழியிலே லப்லாப் என்பது சுற்றிப் படரும் கொடியைக் குறிக்கும் சொல். எகிப்திலே இக்கொடியைக் கண்ட இத்தாலிய மருத்துவர் புரொஸ்பெரோ அல்பினி, 1592இல் வெளிவந்த தமது நூலிலே அந்தப் பெயராலேயே இதனை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தார். 1753இல் தாவரங்களுக்கு முறைப்படி பெயரிட்ட சுவீடன் நாட்டு லின்னேயசும் அரபுச் சொல்லை விடவில்லை. இன்றும் உலகத்துத் தாவர நூல்களெல்லாம் அவரையை லப்லாப் என்றே வழங்குகின்றன. ஆபிரிக்காவிற் பிறந்த கொடிக்கு அறிவியல் உலகம் அரபுப் பெயரைக் கொடுத்தது; தமிழர் தமிழ்ப் பெயரைக் கொடுத்தனர். எவரும் தத்தம் வீட்டுப் பிள்ளைக்குப் பெயர் வைப்பது போலவே வைத்தார்கள்.

இனி, நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தாயகத்திலே இந்தக் கொடியின் நிலை என்ன? கென்யாவிலே கிகூயு மக்கள் கருநிற அவரையை ஞாஹி என்று அழைத்துப் போற்றி வந்தனர். பிள்ளை பெற்ற தாய்க்கு அதனையே ஊட்டுவது அவர்களது வழக்கம். ஆங்கிலேயர் ஆட்சி ஏற்பட்டபின், ஏற்றுமதிக்கு ஏற்றதென்று அமெரிக்கக் கண்டத்துப் போஞ்சி இனத்துப் பயற்றைப் பயிரிடுமாறு ஊக்கினர். பெண்கள் காத்துவந்த ஞாஹி வயல்களிலிருந்து மெல்ல மெல்ல ஒதுங்கியது. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான, ஆபிரிக்காவின் மறக்கப்பட்ட பயிர்கள் பற்றிய பெருநூலிலே அவரையும் இடம்பெற்றது. ஆசியாவிலே நாள்தோறும் உண்ணப்படும் ஒரு பயிர் பிறந்த வீட்டில் மறக்கப்பட்டதாக எண்ணப்படுகின்றது! ஒரு பயிரை அழிப்பதற்குத் தீயோ வெள்ளமோ வேண்டியதில்லை. ஒரு தலைமுறை விதைக்காது விட்டால் அதுவே போதும்.

நமது கரையிலே அந்த ஆபத்து வேறு உருவில் வந்தது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே, இம்மாவட்டத்தின் பல ஊர்களைச் சேர்ந்த மக்கள், எம்மதத்தவராயினும் எம்மொழியினராயினும், வீடுவாசலை விட்டு ஓடவேண்டியதாயிற்று. 2006 ஆகஸ்ட் மாதத்திலே மூதூர் மக்கள் பெருந்தொகையாகக் கந்தளாய் முதலிய இடங்களிலே தஞ்சம் புகுந்தனர். அதற்கு முன்னர் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. அது மார்கழி மாதம். அவரை பூக்கும் பருவம். கரையோர வளவுகளிலே உப்புநீர் புகுந்தது. மாண்ட உயிர்களுக்கு முன் கொடியையும் செடியையும் எண்ணிப் பார்க்க எவருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. ஆயினும் ஆண்டுகள் கழிந்தபின் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கின்றது.

ஓடும் மனிதர் எதனைக் கையில் எடுப்பர்? குழந்தையை எடுப்பர், அடையாள அட்டையை எடுப்பர், நகையிருந்தால் எடுப்பர். சாம்பல் கலந்து சுரைக்குடுவையிலிட்டு அடுப்பின்மேற் பரணில் வைத்த விதையை எவர் எடுப்பர்? நெல்விதை போனால் அரசாங்கம் தரும், கடையிலும் கிடைக்கும். ஒரு வீட்டின் உம்மம்மா தன் தாயிடமிருந்து பெற்று, ஆண்டுதோறும் முதற்காயைப் பறியாது முற்றவிட்டுக் காத்த அவரை விதையை எவரும் திருப்பித் தரமுடியாது. நமது கரையோரத்தின் வெப்பத்திலும் ஈரத்திலும் விதை சில ஆண்டுகளே உயிரோடிருக்கும். பத்தாண்டு கழித்து வீடு திரும்பியவர், குடுவை உடையாது இருந்ததைக் கண்டாலும், உள்ளே இருந்தது விதையன்று; வெறும் பருப்பே.

விதையோடு மறையும் அறிவும் ஒன்றுண்டு. நன்கு முற்றிய கருநிற அவரை விதைகள் சிலவற்றிலே நஞ்சுத்தன்மை உண்டு. இரவு முழுதும் ஊறவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டு, புதுநீரிலே நன்றாக வேகவைத்தல் வேண்டும் என்பதை வீட்டுப் பெண்கள் அறிந்திருந்தனர். எந்தக் கொடியின் பிஞ்சு கறிக்கு ஏற்றது, எதன் விதை பருப்புக்கு ஏற்றது என்பதும் அவர்களுக்கே தெரியும். இவை எந்த நூலிலும் எழுதப்படாத பாடங்கள்.

புதிய இனங்கள் வேண்டாம் என்று கூறவில்லை. பகற்பொழுதின் நீளத்தைப் பாராது எக்காலத்திலும் காய்க்கும் குற்றவரை இனங்களை ஆராய்ச்சியாளர்கள் உண்டாக்கியிருக்கின்றனர். பந்தல் தேவையில்லை, இடமும் குறைவு. 1970ஆம் ஆண்டுகளிலே பருப்பு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, விவசாயத் திணைக்களம் ஊக்குவித்த கௌபியும் பாசிப்பயறும் மக்களின் பசியைத் தணிக்க உதவியதை முதியோர் அறிவர். பேராதனைக்கு அண்மையில், கன்னொறுவையிலே 1988இல் நிறுவப்பட்ட தாவர மரபுவள நிலையம் நாட்டின் பயிர் விதைகளைக் குளிரறைகளிலே காத்து வருகின்றது. இவையெல்லாம் போற்றத்தக்க பணிகளே. ஆயினும் குளிரறையிலே விதை உறங்கும். வேலியிலே அது வாழும். மாறிவரும் மழைக்கும் உவராகிவரும் மண்ணுக்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் ஆற்றல் ஆண்டுதோறும் விதைக்கப்படும் கொடிக்கே உண்டு.

பாடசாலை அதிபர் என்ற முறையிலே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். வரலாற்றுப் பாடத்திலே ஒரு நாளை விதைகளுக்காக ஒதுக்குங்கள். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோரை அணுகி, இவ்விதை யாரிடமிருந்து வந்தது, எப்போது விதைப்பது, எவ்வாறு சமைப்பது என்று கேட்டு எழுதி வரட்டும். கிடைக்கும் விதையிற் பாதியைப் பாடசாலைத் தோட்டத்தில் ஊன்றட்டும். மறுபாதியை அயலூர்ப் பாடசாலைக்குக் கொடுக்கட்டும். 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம், தோணியை நம்பியிருந்த நமது போக்குவரத்தை மாற்றிவிட்டது. அந்தப் பாலத்தின் வழியே மனிதரும் பண்டமும் செல்வது போல, ஒரு பிடி விதையும் அக்கரைக்குச் செல்லலாமன்றோ?

நேயர்களே, மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக இந்த விதை அறுபடாது நம் கைக்கு வந்திருக்கின்றது. அதன் பொருள், அத்தனை ஆண்டுகளிலும், பஞ்சம் வந்த ஆண்டிலும் படை வந்த ஆண்டிலும், யாரோ ஒருவர் பசியைப் பொறுத்துக்கொண்டு ஒரு பிடியை உண்ணாது எடுத்து வைத்தார் என்பதே. அவர்களின் பெயரை நாம் அறியோம். அவர்கள் எம்மொழி பேசினர், எங்கிருந்து வந்தனர் என்பதும் தெரியாது. ஆயினும் அவர்களுக்கு நாம் பட்ட கடன் ஒன்று உண்டு. வருகின்ற ஐப்பசி மழையிலே வேலியோரத்தில் நான்கு அவரை விதைகளை ஊன்றி, முற்றிய காய் சிலவற்றை மறு ஆண்டுக்கென்று விட்டுவைப்போமாயின், அக்கடனில் ஒரு பகுதியைத் தீர்த்தவராவோம்.